சிவகிரியிலிருந்து ஒரு பூங்கா நாள்: ஐந்தருவிச் சாலையில் விளையாட்டும் படகும்

சிவகிரிப் பக்கத்தில் குற்றாலத்துக்குப் போவதை 'குளிச்சிட்டு வருவோம்' என்றுதான் சொல்வார்கள். காலையில் கிளம்பி, பேரருவியில் தலையைக் கொடுத்து, ஈரத்துணியோடு ஆளுக்கு இரண்டு பரோட்டா சாப்பிட்டு, மாலைக்குள் ஊர் திரும்புவது நெடுநாள் வழக்கம். பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைகளுக்குப் போதாது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அருவிக்கரையில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே போன சில நிமிடங்களில் விசில் சத்தம் கேட்கும், அடுத்த ஆளுக்கு வழிவிட வேண்டும். ஓடியாட இடம் கிடையாது. பாறை வழுக்கும் என்பதால் கையை விடவும் முடியாது. நாள் முழுக்க 'ஓடாதே, நில்லு' என்பதையே கேட்டுவிட்டு வீடு திரும்பும் குழந்தைகளை நினைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

பெரிய நகரங்களில் நடைபாதை, ஊஞ்சல், படகு, பந்து விளையாட இடம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கும். அப்படியொரு நகரப் பூங்கா நம் வட்டாரத்தில் இல்லை. ஆனால் குற்றாலத்தில் பேரருவியிலிருந்து ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று வெண்ணமடைக் குளத்தில் உள்ள படகு குழாம். மற்றது ஐந்தருவிக்கு அருகே மலைச்சரிவில் தோட்டக்கலைத் துறை வைத்திருக்கும் சுற்றுச்சூழல் பூங்கா. இரண்டையும் சேர்த்து ஒரே நாளாகத் திட்டமிட்டால் நகரத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது நம் பிள்ளைக்கும் கிடைக்கும். மலையும் சாரலும் கூடுதல் வரவு. அருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கும் நாளிலும் பயணம் வீணாகாது. அப்படிப்பட்ட நாளுக்காகவாவது இந்தத் திட்டத்தைக் கைவசம் வைத்திருங்கள்.

முதலில் வானிலை. சிவகிரியிலிருந்து தென்காசி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இந்த ஐம்பதுக்குள் இரண்டு வேறு வானங்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. சிவகிரிக்கு மேற்கே மலை இடைவெளியில்லாத சுவராக நிற்பதால் ஜூன், ஜூலையில் நமக்குக் காற்று மட்டும்தான் மிச்சம். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் அந்தச் சுவர் தாழ்கிறது. மேகம் அதன் வழியே தவழ்ந்து வந்து குற்றாலத்தில் சாரலாகச் சிதறுகிறது. ஆகவே நம் வீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. தென்காசியிலோ இலஞ்சியிலோ ஓர் உறவினர் இருந்தால் காலையில் ஒரு போன் போடுங்கள்.

"அத்தை, அங்க சாரல் விழுதா?"

"சாரல் கிடக்கட்டும், காத்துதான் ஆளைத் தூக்குது. பிள்ளைகளுக்குத் தலைக்குத் துண்டு எடுத்துட்டு வாங்க. குளத்துல படகு விடுதாங்களான்னு மாமாவைக் கேட்டுச் சொல்லச் சொல்லுதேன்."

இந்தப் பதில் எந்தச் செயலியையும்விடத் துல்லியமாகச் சொல்லிவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். அதில் பள்ளி நாட்களின் நடுவாரமே பூங்காவுக்குச் சிறந்தது. செவ்வாய், புதன், வியாழனில் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். ஆடி அமாவாசையும் ஆடிப் பதினெட்டும் நெரிசல் மிகுந்த நாட்கள், தவிருங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அப்போது நீர்வரத்து திடீரென்று ஏறும். கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் சபரிமலைப் பாதையில் குற்றாலத்தை நிறைக்கும், தை பிறக்கும் வரை அப்படித்தான். பிப்ரவரி முதல் மே வரை அருவிகள் மெலிந்துவிடும், குளத்தில் தண்ணீர் குறைந்தால் படகும் ஓடாது. ஆனால் அந்த மாதங்களின் காலை நேரத்தில் பூங்கா நிழலும் அமைதியுமாக இருக்கும். கைக்குழந்தைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் நான் அந்தக் காலத்தையே பரிந்துரைப்பேன்.

போக்குவரத்தில் சிரமம் இல்லை. சிவகிரியில் ரயில் நிலையம் இல்லாவிட்டாலும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகவே போகிறது. இராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் பேருந்துகளும் மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் பேருந்துகளும் இதே சாலையில்தான் வருகின்றன. வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. அங்கிருந்து ஐந்தருவிக்குள்ள ஐந்து கிலோமீட்டருக்குள்ளான தூரத்துக்குப் பேருந்துக்குக் காத்திருப்பதைவிட ஆட்டோவைப் பேசிவிடலாம். ஏறும் முன்பே 'பூங்கா, பிறகு படகு குழாம், இரண்டு இடத்திலும் இறக்கி ஏற்றணும்' என்று தெளிவாகச் சொல்லிக் கூலியை முடிவு செய்யுங்கள். ஏழு மணிக்குச் சிவகிரியில் ஏறினால் ஒன்பது மணியளவில் ஐந்தருவிச் சாலையில் இருப்பீர்கள்.

எதை முதலில் பார்ப்பது? பூங்காவை. அது மேட்டில் இருக்கிறது, நடை அதிகம். கால் புதிதாக இருக்கும்போதே ஏறிவிடுங்கள். நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் வாயில் பலகையைப் படித்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

இந்த மலைச்சரிவுக்குச் செடி வளர்ப்பில் பழைய கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை எல்லாம் குற்றாலத்து மண்ணில் பிடிக்குமா என்று வைத்துப் பார்த்தார்கள். பிடித்தது. மலாய் நாட்டிலிருந்து வந்த மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியானும் இன்றைக்குக் குற்றாலத்துச் சாலையோரக் கடைகளில் கூடைகூடையாக இருப்பதற்கு இந்த ஈரக்காற்றுதான் காரணம். சிவகிரிப் பிள்ளைக்குக் கரும்பும் நெல்லும் தென்னையும் தெரியும். மங்குஸ்தான் மரம் எப்படி நிற்கும், அதன் இலை எவ்வளவு தடிப்பு என்பது தெரியாது. பூங்காவுக்குள் போகும் வழியில் வாங்கிய பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் இலையைப் பற்றிப் பணியாளர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். தோட்டப் பணியாளர்கள் நன்றாகச் சொல்வார்கள். ஒரு நிபந்தனை, செடியில் கைவைக்காமல் கேட்க வேண்டும்.

பூங்காவின் பாதைகள் சரிவைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. பூப்பாத்திகள், மர நிழல், பிள்ளைகள் விளையாடும் பகுதி, உட்கார்ந்து மலையைப் பார்க்க இடம் என்று அடுக்கடுக்காக வரும். முழுதையும் சுற்றிப் பார்த்தே தீர வேண்டும் என்று யாரையும் விரட்டாதீர்கள். ஆச்சி ஒரு நிழலில் உட்காரட்டும், அவரோடு ஒருவர் இருக்கட்டும். மற்றவர்கள் ஏறி இறங்கி வரட்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட ஈரச் சரிவில் இறங்குவதுதான் ஆபத்து. தேய்ந்த ரப்பர் செருப்பு சாரலில் வழுக்கும். பின்புறம் வார் உள்ள செருப்பு எல்லோருக்கும் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் மேட்டுப் பகுதிகளை நம்பி வர வேண்டாம். வாயிலுக்கு அருகிலுள்ள சமதளத்தை மட்டும் கணக்கில் வைத்து, மீதி நேரத்தைக் குளக்கரையில் கழிக்கலாம்.

விளையாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் பலர் இறகுப்பந்து மட்டைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சீசன் காற்றில் அது நடக்காது. இறகுப்பந்து அடித்த கையைத் தாண்டாமல் பூப்பாத்திக்குள் போய் விழும், அதை எடுக்கப் பிள்ளை பாத்தியை மிதிக்கும். அதற்குப் பதில் ரப்பர் வளையம் கொண்டு வாருங்கள். வளையப்பந்துக்கு உள்ள அந்த வளையம் கனமாக இருப்பதால் காற்று அதை இழுக்காது. வலை இல்லாமலும் எறிந்து பிடிக்கலாம், எட்டு வயதும் அறுபது வயதும் சேர்ந்து ஆடலாம். பந்து என்றால் மிருதுவான சின்னப் பந்து போதும். எந்தப் புல்வெளியில் ஆடலாம், எதில் மிதிக்கவே கூடாது என்பதைப் பணியாளரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். இது செடிகளுக்காக வைத்த பூங்கா, அதற்குரிய மரியாதை வேண்டும்.

ஒரே வயதுப் பிள்ளைகள் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் கிளித்தட்டு ஆடச் சொல்லுங்கள். கோடு மட்டும் போதும், பொருள் எதுவும் தேவையில்லை. அனுமதி உள்ள மண்தரையில் குச்சியால் கீறலாம். ஒவ்வொரு கோட்டிலும் ஒருவர் மறிக்க, மற்றவர் ஏய்த்துப் போகும் இந்த ஆட்டத்தில் ஓட்டமும் உண்டு, யோசனையும் உண்டு. சிவகிரித் தெருக்களில் வண்டிகள் பெருகியபின் கிளித்தட்டுக்கு இடம் குறுகிவிட்டது. தாத்தாக்களுக்கு விதி தெரியும், பேரன்களுக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்க இந்த நாளைவிட நல்ல நாள் அமையாது. மழை பிடித்துக்கொண்டால் கூரைக்குக் கீழே தாயமும் ஐந்தாங்கல்லும் இருக்கின்றன. ஒரு சுண்ணாம்புக் கட்டியும் நாலு புளியங்கொட்டையும் பையில் கிடந்தால் தாயத்துக்குப் போதும்.

பூங்காவும் விளையாட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவிலியன், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மக்கள் பூங்கா என்ற பெயரில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நகரத்தாருக்காக ஒதுக்கினார். குளங்கள், வண்டிப் பாதைகள், விலங்குக் காட்சிச்சாலை, விளையாட்டு இடங்கள் எல்லாம் அதில் இருந்தன. பிறகு அந்த நிலம் துண்டு துண்டாகக் கட்டடங்களுக்குப் போனது. 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகை நிற்பதும் நேரு விளையாட்டரங்கம் நிற்பதும் அந்தப் பூங்காவின் மண்ணில்தான். ஒரு பூங்காவை மக்கள் தொடர்ந்து புழங்கினால்தான் அது பூங்காவாக மிஞ்சும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குற்றாலத்துக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இந்தச் சரிவில் ஏறி இறங்கினால் பராமரிப்பும் தானாகக் கூடும்.

பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குப் பூங்காவிலிருந்து இறங்கிவிடுங்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டி வருவது நல்லது. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கெடாது. வரும் வழியில் புளியங்குடியில் பேருந்து நிற்கும்போது எலுமிச்சை வாங்கிக்கொண்டால் தண்ணீரில் பிழிந்து உப்புப்போட்டுக் குடிக்கலாம். எலுமிச்சைக்கு அந்த ஊர்ச் சந்தைதான் பெயர்போனது. சாப்பிடும்போது குரங்குகளிடம் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் பையின் சலசலப்பு கேட்டாலே இறங்கிவிடும். தூக்குச்சட்டியில் மூடி எடுத்துவருவது பாதுகாப்பு. தின்பண்டம் கொடுத்துப் பழக்காதீர்கள். இன்று நீங்கள் கொடுத்த பிஸ்கட்டுக்காக நாளை இன்னொரு வீட்டுக் குழந்தையின் கையிலிருப்பதைக் குரங்கு பிடுங்கும்.

அடுத்தது படகு. வெண்ணமடைக் குளம் நிரம்பினால்தான் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள் இறங்கும். சாரல் தொடங்கிச் சில வாரம் கழித்தே குளம் பெருகும் ஆண்டுகளும் உண்டு, அதனால்தான் முன்கூட்டியே கேட்கச் சொன்னேன். இருவர், நால்வர் அமரும் மிதிபடகுகளும் துடுப்புப் படகுகளும் இருக்கும். பிள்ளைகளுக்கு மிதிபடகில்தான் ஆசை. ஆனால் சிறுவர்களின் கால் மிதிக்கு எட்டாது. மிதிக்கிற இரண்டு இருக்கையிலும் வலுவுள்ள பெரியவர்கள் உட்கார்ந்து, பிள்ளைகள் பின்னால் இருப்பதே சரி.

ஏறும் முன் உயிர்காப்புச் சட்டையை எல்லோரும் மாட்ட வேண்டும், கொக்கி ஒவ்வொன்றையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பெரிய அளவைக் கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். தளர்ந்த சட்டை தண்ணீரில் தலைக்கு மேல் கழன்று போகும். படகில் எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். நடுக்குளத்தில் எழுந்து நிற்பதோ இடம் மாறுவதோ செல்பிக்காக ஒரே பக்கம் சாய்வதோ கூடாது. இன்னொன்று, புறப்பட்டவுடன் காற்றுக்கு எதிராக மிதியுங்கள். காற்றின் போக்கில் போனால் முதல் பாதி சுகமாக இருக்கும், திரும்பும்போது கால் ஓய்ந்து கரை வந்து சேராது. நேரக் கணக்கில் கட்டணம் என்பதால் அவசரமும் சேர்ந்துகொள்ளும். எதிர்க்காற்றை முதலில் தீர்த்துவிட்டால் திரும்பும்போது காற்றே உங்களைக் கரைக்குத் தள்ளும். காற்றும் மழையும் பலக்கும்போது பணியாளர்கள் படகை நிறுத்துவார்கள், அவர்களோடு வாதிடாதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் அரசு நடத்தும் சாரல் திருவிழாவின்போது வருபவர்களுக்கு இந்த நாள் இன்னும் நிறையும். கலைவாணர் அரங்கில் மாலை நிகழ்ச்சிகள் நடக்கும். பல ஆண்டுகளில் படகுப் போட்டி, கோலப் போட்டி, கொழுகொழு குழந்தைகள் போட்டி, ஆணழகன் போட்டி, சுற்றுச்சூழல் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்று நடத்தியிருக்கிறார்கள். எந்தெந்தப் போட்டி எந்த நாளில் என்பதை மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும், செய்தித்தாளில் வரும். பார்வையாளராக மட்டும் நிற்காமல் ஏதாவது ஒன்றில் பெயர் கொடுங்கள். சிவகிரியிலிருந்து ஒரு மிதிபடகு அணி வந்து கலந்துகொள்வதில் என்ன தடை? மலர்க் கண்காட்சி நாட்களில் பூங்காவில் கூட்டம் அலைமோதும். காலையில் திறந்தவுடன் போனால்தான் பூவைப் பார்க்க முடியும்.

அருவியில் குளிக்காமல் திரும்ப மனம் வராது என்றால் மாலையில் ஐந்தருவியில் குளிக்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் அருவியில் கூடாது என்பது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு. குளிக்கும்போது காதையும் கண்ணையும் மேலே வைத்திருங்கள். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் அதிகமாக விழத் தொடங்கினாலோ, இரைச்சல் திடீரென்று கனத்தாலோ அந்த நொடியே வெளியே வாருங்கள். யாரும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் உயிரிழந்தான். கீழே மழை இல்லாத நேரத்திலும் மேலே காட்டில் கொட்டியது சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தடை போட்டிருந்தால் அது நம் பிள்ளைகளுக்காகப் போட்ட தடை. கயிற்றைத் தாண்டிப் போகிறவர்களைக் கண்டால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பள்ளிக் குழுவை அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளைப் பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்துக்கொண்டு, ஒரு பாதி பூங்காவில் இருக்கும்போது மறுபாதியைப் படகுக்கு அனுப்பி, மதியம் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் குவித்தால் படகு வரிசையிலேயே பாதி நாள் கரையும். அருவியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நாற்பது பிள்ளைகளை ஈரப்பாறையில் கவனிக்க எந்த ஆசிரியராலும் இயலாது. பெற்றோரிடமும் முன்பே அப்படிச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள்.

முறையாக விளையாட்டுப் பயிற்சி தேடும் மாணவர்களுக்குக் குற்றாலம் பதில் இல்லை. ஓட்டப்பந்தயத் தளமும் நீச்சல் குளமும் வேண்டுமென்றால் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம் போக வேண்டும். ஹாக்கி என்றால் கோவில்பட்டி. செயற்கைப் புல்தள மைதானமும் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த பழக்கமும் அங்கே இருக்கின்றன. சிவகிரியிலிருந்து சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டிக்குப் போகலாம். இந்த இரண்டு ஊர்களையும் ஒரு நாள் சுற்றிப் பார்ப்பதால் பயனில்லை. பள்ளி உடற்கல்வி ஆசிரியர் மூலம் பயிற்சி நேரத்தை விசாரித்துக்கொண்டே போக வேண்டும்.

திரும்பும் நேரம் முக்கியம். மேற்கே மலை உயர்ந்து நிற்பதால் குற்றாலத்தில் வெயில் சீக்கிரமே மறையும், மேகமூட்டம் இருந்தால் ஐந்து மணிக்கே மங்கிவிடும். நாலரைக்கு ஐந்தருவிச் சாலையை விட்டுக் கிளம்பினால் ஐந்தரைக்குள் தென்காசிப் பேருந்து நிலையத்தில் இருக்கலாம். ஞாயிறு மாலை இராஜபாளையம் வண்டிகளில் உட்கார இடம் கிடைப்பது கடினம். குழந்தையோடு வருபவர்கள் ஓட்டமாக ஏறாமல் ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்கு நில்லுங்கள். பிள்ளைகளுக்கு ஈரத்துணியை மாற்றி, தலையைத் துவட்டிவிட்ட பிறகே பேருந்தில் ஏற்றுங்கள். கடையநல்லூர் தாண்டியதும் சன்னல் வழியே வரும் காற்று சளியைக் கொண்டுவரும். நிலையத்திலேயே ஆளுக்கு ஒரு சுக்கு காபி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.